வீட்ட இழுத்துக் கட்டுறதா, கேபினெட் போடுறதா, இல்ல சாமான கொறைக்கிறதா?

போன தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்த சின்ன மாமா செருப்ப கழட்டிட்டு உள்ள வந்தாரு, எங்க உக்கார்றதுன்னு ஹால ஒரு சுத்து பாத்தாரு, மறுபடி வெளிய போயி கார் நிக்கிற எடத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. காத்தாட இருக்கட்டும்மான்னு சொன்னாரு, மனுசன் பெரிய மனசு. ஆனா எனக்கு அன்னைக்குப் பூரா முறுக்கு தொண்டைக்குள்ள எறங்கல.

வீடு மலேசியாவுல சுங்கை சிப்பூட்ல, ஒரு பழைய தாமான்ல, அதாவது வரிசையா கட்டி வித்த வீட்டுப் பகுதியில, 20க்கு 60 அடி லோட்டு, ஒத்த மாடி, மூணு ரூமு. நானு, அவரு, மூணு புள்ளைங்க, அத்தை, ஆக ஆறு பேரு. அத்தை பொறந்தது தோட்டத்து லயத்துல, எஸ்டேட்டு தொழிலாளிங்களுக்கு கட்டுன வரிசை வீடு அது, ஒரு ரூமு ஒரு குசினி முன்னால ஒரு திண்ணை, அதுல ஒம்பது பேரு இருந்தோம்னு சொல்லுவாங்க, அதனால நான் எடம் பத்தலன்னு வாயத் தொறந்தாலே அவங்களுக்கு சிரிப்பு வந்துரும். ஆனா அந்த லயத்துல சாமான் எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டா ஒரு டிரங்கு பெட்டி, ரெண்டு பாய், பாத்திரம், சாமி படம், அவ்வளவுதான். எங்க வீட்டுல ஹால்ல மட்டும் ஒரு 3+2+1 சோபா, ஒரு ஷோகேஸ், டிவி மேசை, தையல் மிஷினு, அத்தையோட ஈசி சேரு, மடிக்காத துணி ஒரு கூடை, அதுக்கு மேல இன்னொரு கூடை.

2024 மே மாசத்துல இபிஎஃப்ல, அதான் தொழிலாளிங்க சேமநிதியில, மூணாவதா ஒரு கணக்கு தொறந்தாங்கல்ல, அக்காவுன் ஃபிலெக்சிபெல், எப்ப வேணாலும் எடுக்கலாம்னு. அதுல அவரு பேருல இருக்குற காச வச்சு வீட்ட ஏதாவது பண்ணலாம்னு பேச்சு ஆரம்பிச்சுச்சு, வயசான காலத்துக் காசு அது, இதுல போடலாமான்னு எனக்கு உள்ளுக்குள்ள உறுத்தல் வேற. அதான் மூணு மாசம் யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காம விசாரிச்சுக்கிட்டே இருந்தேன், கான்ட்ராக்டர கூப்பிட்டேன், கேபினெட்டுக்காரர கூப்பிட்டேன், இழுத்துக் கட்டுன வீடு நாலுக்குப் போயி காபி குடிச்சுக்கிட்டே சுவத்தப் பாத்துட்டு வந்தேன்.

மொதல்ல எல்லாரும் சொல்றது பின்பக்கம் இழுத்துக் கட்டு. எங்க வரிசையில பாதி வீடு அப்படித்தான் கட்டியிருக்காங்க. பின்னால இருக்குற பத்தடிய முழுசா மூடி குசினிய அங்க தள்ளிட்டு, பழைய குசினிய சாப்பாட்டு எடமா ஆக்குறது. எனக்கு சொன்ன ரேட்டு 32,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், டைல்ஸ் தனி. சரி காச விடுங்க, நான் போயி பாத்த வீட்டுல மத்தியானம் ஒரு மணிக்கு லைட்டு எரியுது. ஏன்னா பின்பக்க ரூமோட ஜன்னல் இப்ப வெளிய பாக்கல, புது குசினிக்குள்ள பாக்குது. வெளிச்சமும் இல்ல காத்தும் இல்ல, வர்றது எல்லாம் நெத்திலி பொரிக்கிற வாடைதான். அந்தக்கா வீடு கணக்குல எங்க வீட்ட விட 200 சதுரடி பெருசு, ஆனா உள்ள நின்னா குகைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு, நான் பொய் சொல்லல.

இதுக்கு விதியே இருக்குங்க. 1984ஆம் வருஷத்து கட்டட விதியில, ஒரு ரூமோட தரை எவ்வளவோ அதுல பத்துல ஒரு பங்கு ஜன்னல் இருக்கணும், அதுல பாதியாவது தொறந்து காத்து வர்ற மாதிரி இருக்கணும்னு போட்டிருக்கு. அதாவது பத்துக்கு பத்து ரூமுன்னா பத்து சதுரடி ஜன்னல். நம்ம ஆளுங்க செங்கல்ல மூடிட்டு அப்புறம் ரூமு சின்னதா தெரியுதுன்னு பெயிண்ட மாத்துறாங்க. சுவத்த நீட்டுறதுக்கு மஜ்லிஸ்ல, அதான் நகராண்மைக் கழகத்துல, பிளானு குடுத்து பெர்மிட்டும் வாங்கணும், 1974ஆம் வருஷத்து சட்டம், அக்டா 133ன்னு சொல்லுவாங்க, அது இல்லாம கட்டிட்டு அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரு புகார் குடுத்து ஒடைச்ச கதையும் எங்க தாமான்ல உண்டு. புகார் குடுத்தவரு வேற யாரும் இல்ல, கட்டுனவரோட சொந்த அண்ணன்தான். காசு ரெண்டு தடவ போச்சு.

அதுக்காக இழுத்துக் கட்டவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். வீட்டுல வயசானவங்க இருந்து ஒத்த பாத்ரூமுக்கு காலையில ஆறு பேரு வரிசையில நிக்கிறாங்கன்னா, இல்ல கல்யாணம் ஆன மகன் கூடவே இருக்கான்னா, எந்த கேபினெட்டும் அதுக்கு பதிலு ஆகாது, கட்டித்தான் ஆகணும். அப்ப ஒன்னு மட்டும் பண்ணுங்க, முழுசா மூடாதீங்க. பழைய ஜன்னலுக்கு நேரா ஒரு மூணடி நாலடி வானம் தெரியிற மாதிரி விட்டுட்டு கட்டுங்க, சிமெண்டு தொட்டி மாதிரி கெடந்தாலும் பரவால்ல, ரெண்டு கறிவேப்பில மரம் வைங்க. கான்ட்ராக்டரு அந்த எடத்தையும் சேத்துக்கலாமேன்னு ஆசை காட்டுவாரு, அவருக்கு சதுரடிக்கு காசு.

ரெண்டாவது, சுவத்த ஒடைக்கிறது. ஹாலுக்கும் குசினிக்கும் நடுவுல இருக்குற சுவரு, இல்ல ஹாலுக்கும் மூணாவது ரூமுக்கும் நடுவுல இருக்குறது. இது எங்க வீட்டுக்காரரோட ஆசை, டிக்டாக்ல பாத்துட்டு. இதுல உண்மையிலேயே மாயம் இருக்கு, ஒத்துக்குறேன், வாசல்ல நின்னா பின் கதவு வரைக்கும் கண்ணு போகுது, அப்ப அதே வீடு ஒன்றரை மடங்கா தெரியும். ஒடைச்சு பூசுறதுக்கு எனக்கு 4,000 வெள்ளி சொன்னாங்க, ஒப்பிட்டுப் பாத்தா சல்லிசு. ஆனா பழைய மலிவு விலை வீடுங்கள்ல சில சுவரு சும்மா தடுப்பு இல்ல, கூரையோட பாரத்த அதுதான் தாங்குது. தட்டிப் பாத்து சொல்றேன்னு வர்ற ஆளு சொன்னத நம்பாதீங்க, இஞ்சினியரு பாக்கணும்.

அப்புறம் யாரும் சொல்லாதது ஒன்னு, சுவரு போச்சுன்னா அந்த சுவத்துல சாஞ்சு நின்ன சாமான் எல்லாம் எங்க போகும்? அலமாரி, ஃபிரிஜ், சாமி படம், எல்லாத்துக்கும் முதுகு வேணும். நம்ம சமையல் வேற சம்பல் பிளாச்சான் தாளிக்கிற சமையல், கருவாடு வறுத்தா சோபா மெத்தையில ஒரு வாரம் இருக்கும். தினமும் ரொட்டியும் சாலட்டும் சாப்புடுற குடும்பம்னா தாராளமா ஒடைங்க. மூணாவது ரூம ஒடைச்சு ஹாலோட சேக்குறது வேற கணக்கு. மூணாவது ரூமு எல்லாம் 6.5 சதுர மீட்டர் இருந்தாலே விதிப்படி சரி, அதாவது எழுவது சதுரடி, ஒரு கட்டில் போட்டா கதவு தொறக்காது. புள்ளைங்க வெளியூருக்கு படிக்கப் போயிட்ட வீடா இருந்தா எனக்கு இதுதான் எல்லாத்துலயும் நல்ல யோசனையா படுது. எங்க வீட்டுல அந்த ரூமு அத்தையோடது, பேச்சே இல்ல.

மூணாவது கேபினெட்டு. இதுல தான் நான் ரொம்ப நாளு மண்டைய ஒடைச்சேன். தவுக்கே, அதான் கேபினெட்டு கடை மொதலாளி, வந்தாரு, டேப்ப இழுத்தாரு, ஒரு அடிக்கு இவ்வளவுன்னு கணக்கு சொன்னாரு. மெலமின் பலகைன்னா வெலை கம்மி, பாக்க பளபளன்னு பெரிய எடத்து வீடு மாதிரி இருக்கும், உள்ள இருக்குறது மரத்தூள அமுக்கி செஞ்ச பலகை. தண்ணி பட்டா ஊதிரும், சிங்க்குக்கு அடியில போட்டது எங்க அண்ணி வீட்டுல மூணே வருஷத்துல பிஸ்கட்டு டீயில ஊறின மாதிரி ஆயிருச்சு. பிளைவூட் கொஞ்சம் தாங்கும், வெலையும் ஏறும், ஆனா ரெண்டுக்கும் செல்லு, அதான் கரையான், பொதுவான எதிரி. நம்ம ஊரு ஈரம் தெரியும்ல, மழை வந்தா ஈரம், மழை வராட்டியும் ஈரம், அதுலயும் பழைய ரப்பர் காட்ட அழிச்சு கட்டுன தாமான்னா மண்ணுக்கு அடியில செல்லு பரம்பரையா குடியிருக்கும். அதனால எனக்கு புடிச்சது அலுமினியம். அழகு கொஞ்சம் கம்மிதான், தட்டுனா டொங்குன்னு சத்தம் வரும், கடையில நிக்கிற மாதிரி இருக்குன்னு அவரு கூட சொன்னாரு. இருக்கட்டும், செல்லு கடிக்காது, தண்ணிக்கு ஊதாது, குசினிக்கு இதான்.

ஆனா கேபினெட்டு எடத்த உண்டாக்காது, எடத்த தின்னும், இத யாரும் யோசிக்கிறதில்ல. பத்தடி ரூமுல ரெண்டடி ஆழத்துக்கு அலமாரி போட்டா மிச்சம் எட்டடி. ஹேங்கர் மாட்டுற அலமாரிக்கு அந்த ரெண்டடி வேணும், வேற வழி இல்ல. ஹால்ல எதுக்கு ரெண்டடி? புக்கு, மருந்து, சாமி சாமான், பிஸ்கட் டின்னு வைக்க ஒரு அடி போதும், பெரிய பாத்திரத்துக்குன்னா பதினஞ்சு இன்ச்சு. ஆழமா போட்டா முன்னால ஒரு வரிசை, பின்னால ஒரு வரிசை வைப்போம், பின்னால வச்சது அடுத்த பொங்கலுக்குத்தான் வெளிய வரும். ஒரே ஒரு சுவத்துல, தரையில இருந்து சீலிங் வரைக்கும், கதவு போட்டு, சுவரு கலர்லயே. நாலு சுவத்துலயும் இடுப்பு ஒசரத்துக்கு குட்டி குட்டியா வைக்கிறது தான் வீட்ட குறுக்குது, அதுவும் கதவு இல்லாத தட்டா இருந்தா கண்ணுக்கு ஓய்வே இல்ல. மிஸ்டர் டிஐஒய்ல விக்கிற பிளாஸ்டிக் தட்டு, வலைக்கூடை, கதவுக்குப் பின்னால மாட்டுற கொக்கி எல்லாம் நானும் வாங்குனவதான், ஒவ்வொன்னும் பத்து வெள்ளி இருபது வெள்ளின்னு போயி கடைசியில கூடைய வைக்கவே எடம் தேடுனேன்.

நாலாவது, காசே இல்லாத வழி, ஆனா இருக்குறதுலயே சண்டை அதிகமா வர்றது இதுலதான். சாமான கொறைக்கிறது.

இன்டர்நெட்டுல சொல்றாங்கல்ல, ஒரு வருஷமா தொடாதத தூக்கிப் போடுன்னு. நம்ம வீட்டுல அது நடக்காது. அண்டாவ வருஷத்துக்கு ஒரு தடவ தான் எடுப்போம், அது இல்லாம விசேஷம் நடக்காது. அத்தைகிட்ட ஒரு தகர டின்னு இருக்கு, பட்டர் குக்கீஸ் வந்த நீல டின்னு, எல்லார் வீட்டுலயும் அதுல தையல் சாமான் தான் இருக்கும், எங்க வீட்டுல பேப்பரு. பழைய சிவப்பு ஐசியோட, அதாவது அடையாள கார்டோட காப்பி, பொறப்பு பத்திரம், தாத்தாவோட கூட்டுறவு சங்கத்து பங்கு பத்திரம். 1960ல தோட்டத்த துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த காலத்துல, நம்ம ஊரு தலைவரு துன் சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நில நிதி கூட்டுறவு சங்கம், மாசம் பத்து வெள்ளி கட்டி தொழிலாளிங்க சேந்தாங்களே, அது. நான் ஒரு தடவ இதெல்லாம் எதுக்கு அத்தை, ஃபோன்ல படம் புடிச்சு வச்சுக்கலாமேன்னு கேட்டேன். "காகிதம் இல்லாம அஞ்சலை அக்கா மக பள்ளிக்கூடம் சேர எத்தன நாளு அலைஞ்சா தெரியுமாம்மா, ஃபோன கொண்டு போயி காட்டுனா கவுண்டர்ல ஒத்துக்குவாங்களா?" அதுக்கு என்கிட்ட பதிலு இல்ல. தோட்டத்துல பொறந்து ஐசி இல்லாம திண்டாடுன குடும்பம் நம்மள்ல எத்தனை. பேப்பர் விஷயத்துல நான் அத்தை கட்சிக்கு மாறிட்டேன், ஒரு ஃபைலு வாங்கி அந்த டின்னுல இருந்ததெல்லாம் அதுல போட்டு அலமாரி மேல் தட்டுல வச்சாச்சு.

ஆனா அந்த நியாயம் மத்த எல்லாத்துக்கும் பொருந்தாது, அங்க தான் நான் விடல. ஐஸ்கிரீம் டப்பா நாப்பத்தி ரெண்டு, எண்ணுனேன். மைலோ டின்னு பதினொன்னு. கல்யாண வீட்டு தாம்பூலப் பை ஒரு சாக்கு நெறைய. மூத்தவன் யூபிஎஸ்ஆர், அதான் ஆறாம் வகுப்பு பரிட்சை, எழுதுன காலத்து பயிற்சி புத்தகம், அந்த பரிட்சையவே 2021ல நிறுத்திட்டாங்க, கடைக்குட்டிக்கு ஆகும்னு வச்சிருக்கு. இதையெல்லாம் ஒரே நாள்ல பண்ணாதீங்க, சத்தியமா சண்டை வரும். சனிக்கிழம சனிக்கிழம ஒரு அலமாரி. பழைய பேப்பரு, சாமான் வாங்குற பேப்பர் லாமா லோரி மைக்குல கத்திக்கிட்டு வரும்போது கட்டி வச்சத தூக்கிக் குடுத்துரணும், அடுத்த வாரம்னு வச்சா அத்தை பிரிச்சிருவாங்க. டப்பால பத்த மட்டும் மூடியோட வச்சுக்கிட்டோம், மூடி இல்லாததெல்லாம் போச்சு, மூடி ஒரு நாளைக்கு கெடைக்கும்னு அத்தை இன்னும் நம்புறாங்க.

சேலை விஷயத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன், நீங்க பண்ணாதீங்க. காத்த உறிஞ்சி தட்டையாக்குற பிளாஸ்டிக் பை விக்கிறாங்கல்ல, அதுல பட்டுச் சேலைய போட்டு கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன், பாதி அலமாரி காலி ஆச்சுன்னு ஒரே சந்தோஷம். எட்டு மாசம் கழிச்சு எடுத்தா ஜரிகை கறுத்து, மடிப்பு மடிப்பா கோடு விழுந்து கெடக்கு. ஈரம் உள்ளயே மாட்டிக்குது. பட்டுன்னா பருத்தித் துணியில சுத்தி, மாசக்கணக்குல விடாம அப்பப்ப மடிப்ப மாத்தி வைக்கணும், எடம் புடிச்சாலும் சரி. அந்தப் பை கம்பளிக்கும் தலையணைக்கும் தான்.

இன்னொன்னு, வீட்டுக்குள்ள இருந்து எடுத்தத பின்வாசல்ல குமிச்சு வைக்கிறது சாமான கொறைச்சதா ஆகாது. பழைய தொட்டி, டயரு, வாளியில மழைத்தண்ணி தேங்கி ஒரு வாரம் பத்து நாள்ல ஏடிஸ் கொசு பறந்துரும், சுகாதார ஆளுங்க வந்து பாத்தா 500 வெள்ளி வரைக்கும் அபராதம். எங்க வரிசையில ஒருத்தருக்கு வந்துச்சு, அவரு வீட்டு ஹாலு மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு.

பெயிண்டு, லைட்டு, கண்ணாடி, இதெல்லாம் தனி வழின்னு நெறைய பேரு சொல்றாங்க, என்னக் கேட்டா இது தொட்டுக்குற ஊறுகாய், சோறு இல்ல. சாமான் கொறையாம வெள்ள அடிச்சா வெள்ளச் சுவத்துல சாமான் இன்னும் எடுப்பா தெரியும், அவ்வளவுதான். கொறைச்ச பெறகு பண்ணுனா நல்லாவே வித்தியாசம் இருக்கு. எங்க ஹாலு ஒரு பக்கம் மரூன், நான் கல்யாணம் ஆகி வந்தப்ப அடிச்சது, அத மாத்தி எல்லா சுவத்துக்கும் ஒரே கலரு, லேசான கிரீம், சீலிங் வெள்ள. நடுவுல ஒரே ஒரு லைட்டு இருந்தா நாலு மூலையும் இருட்டா போயி ரூமு சுருங்கிரும், அதனால மூலைக்கு ஒன்னு சின்னதா, 4000 கெல்வின் பல்பு, வெளிச்சத்தோட நெறத்துக்கு போடுற நம்பரு அது, 6500 போட்டா கிளினிக்குல உக்காந்த மாதிரி இருக்கு. திரைச்சீலை கம்பிய ஜன்னல ஒட்டி போடாம சீலிங் பக்கமா ஏத்தி, ஜன்னல விட அகலமா போட்டோம், தொறந்தா கண்ணாடி முழுசா தெரியுது. முகம் பாக்குற கண்ணாடிய ஜன்னலுக்கு எதிர்ல மாட்டுனா ரூமுல வெளிச்சம் கூடும்னு சொல்றாங்க, அது உண்மை, ஆனா அங்க மாட்டுனா சாமி மேடைய பாக்கும்னு அத்தை வேணாம்னாங்க, இன்னொரு எடம் சொன்னேன், அது வாசலப் பாக்குது, பணம் வெளிய போயிரும்னு பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி வந்து சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு மதமும் ஒன்னா சேந்து எதுத்தா நான் என்ன பண்றது, கண்ணாடி பெட்ரூம்ல இருக்கு.

கடைசியா நாங்க பண்ணுனது இதுதான். நாலு மாசம் சனிக்கிழமையில சாமான் கொறைச்சோம், அதுக்கு செலவு இல்ல, பேப்பர் லாமாக்காரரு குடுத்தது பதினெட்டு வெள்ளி வரவு. 3+2+1 சோபாவுல ரெண்டையும் ஒன்னையும் தங்கச்சி வீட்டுக்கு குடுத்துட்டு, மூணு பேரு உக்கார்றத மட்டும் வச்சுக்கிட்டோம், அதுக்கு கால் ஒசரமா இருக்கு, அடியில தரை தெரியுது, அதுவே ஒரு தினுசா விசாலமா இருக்கு. மிச்சத்துக்கு பாய் இருக்கு. டிவிய சுவத்துல மாட்டியாச்சு. ஹால்ல ஒரு சுவரு முழுக்க ஒரு அடி ஆழத்துக்கு கேபினெட்டு, குசினியில அலுமினியம், ரெண்டும் சேத்து 6,800 வெள்ளி. பெயிண்டு லைட்டு திரை எல்லாம் 1,100. நான் சாமான் கொறைக்கிறதுக்கு முன்னாலயே கேபினெட்டுக்கு அளவு குடுத்திருந்தா இன்னும் ஆறடி கூட போட்டிருப்பேன், அந்த மூடி இல்லாத டப்பாவ எல்லாம் வைக்கிறதுக்கு, அடிக்கு காசு குடுத்து.

ஷோகேஸ் மட்டும் இன்னும் முடிவாகல. அதுக்குள்ள தாத்தாவுக்கு தோட்டத்துல குடுத்த சுவர்க் கடிகாரம், புள்ளைங்க தமிழ்ப்பள்ளியில வாங்குன கோப்பை, யாரும் குடிக்காத கண்ணாடி கிளாஸ் செட்டு, சிங்கப்பூர் பொம்மை. அத எடுத்துட்டா ஹால்ல இன்னும் நாலடி கெடைக்கும், அவரு டேப்போட நின்னுக்கிட்டு இருக்காரு. அத்தை கிளாஸ் செட்ட மட்டும் குடுத்துரலாம்னு எறங்கி வந்திருக்காங்க. வர்ற தீபாவளிக்கு சின்ன மாமா வர்றதுக்குள்ள பேசிக்கலாம்.